பூட்டு அகன்ற சிறைகள்

மதுரையிலிருந்து வடக்கே செல்லும் ரயில், கொடைரோட்டுத் திராட்சைப் பந்தல்களையும் அம்பாத்துரையின் கரடுகளையும் கடந்து திண்டுக்கல் சமவெளிக்குள் புகும்போது, ஒருபுறம் சிறுமலையும் மறுபுறம் பழனி மலைத்தொடரும் சற்றே ஒதுங்கி இடங்கொடுத்தாற்போல, யாரோ சாய்ந்துகொள்வதற்காகப் போட்டுவைத்த திண்டு போன்ற மொட்டைப் பாறை ஒன்று கண்ணிற் படும். ஊருக்குப் பெயர் தந்த அந்தக் கல்லின்மேல் ஓடும் மதிலைத்தான் மலைக்கோட்டை என்கிறோம். பாறையிலேயே வெட்டிய படிகளில் வெயில் ஏறுமுன் ஏறி, பீரங்கி மேடைகளையும் சுனைகளையும், உச்சியில் மூர்த்தியின்றி நிற்கும் கோயிலையும் பார்த்துவிட்டு வரும் இளைஞர்கள், இருண்டு நீண்ட அறைவரிசையின் முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள். “இதுதான் ஜெயில்” என்று ஒருவர் சொல்லிப் படம் எடுப்பார். “இல்லை, வெடிமருந்துக் கிடங்கு” என்று உடன் வந்தவர் மறுப்பார். இருவர் கையிலும் உள்ள படம் ஒன்றே.

இந்தச் சிறு வாக்குவாதத்தில் ஒரு பெரிய வினா அடங்கியிருக்கிறது. கைவிடப்பட்ட பழைய சிறைகளைத் தேடிச் செல்வதும், அவற்றின் உதிர்ந்த காரையையும் துருவேறிய கம்பியையும் புகைப்படமாக்குவதும் இன்று உலகெங்கும் ஒரு தனி நாட்டமாக வளர்ந்துவிட்டன. நம் நாட்டிலும் அந்த ஆசை பரவியிருக்கிறது. அதைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால், ஒரு சிறையின் மெய்ப்பொருளில் எவ்வளவு காமிராவுக்குள் அகப்படுகிறது, எவ்வளவு அதன் பிடிக்கு அப்பால் நழுவிப்போகிறது, நழுவிப்போவதை எவ்வாறு மீட்பது என்பன, படம் எடுப்போரும் பார்ப்போரும் ஒருமுறை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயங்கள் என்பது என் அபிப்பிராயம்.

சிறை என்னும் கட்டடம்

சிறைவைத்தல் பழமையானது, சிறைச்சாலை என்னும் தனிக் கட்டடமோ, இன்று நாம் அறிந்த உருவில், வயதிற் சிறியது. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்திற் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, தாகத்துக்குக் கேட்ட தண்ணீர் காலந்தாழ்ந்தும் மதிப்பின்றியும் வந்தமையால் அதை அருந்தாமல் உயிர்நீத்த வரலாற்றைப் புறநானூற்றின் 74-ஆம் பாட்டும் அதன் குறிப்பும் காத்துவைத்திருக்கின்றன. குடவாயிலில் அந்தக் கோட்டத்தின் ஒரு செங்கல்லையும் இன்று யாரும் காட்ட முடியாது. சில அடிகளே கொண்ட ஒரு பாட்டு, கல்லும் சுண்ணாம்பும் நில்லாத இடத்தில் நின்றுவிட்டது. மணிமேகலைக் காப்பியத்திலோ ஒரு காதையின் பெயரே சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறியதைச் சொல்கிறது. அமுதசுரபியைக் கையில் ஏந்திச் சிறைக்குட் சென்று கைதிகளின் பசி தீர்த்த மணிமேகலை, வியந்து வரவழைத்த வேந்தனிடம் தனக்கென எதையும் வேண்டாமல், அச்சிறையையே அறச்சாலையாக்குமாறு கேட்டுப் பெறுகிறாள். பழைய சிறையை என்ன செய்வது என்று நகரசபைகளும் பொதுப்பணித் துறையும் இன்று ஆலோசிப்பதற்குப் பல நூற்றாண்டு முன்னரே, தமிழ்க் கவி ஒருவர் அவ்வினாவை எழுப்பி விடையும் சொல்லிவிட்டார்.

அக்காலத்துச் சிறை பெரும்பாலும் விசாரணைக்கோ, மீட்புப் பணத்துக்கோ, அரசன் சினம் தணிவதற்கோ காத்திருக்கும் இடம். இத்தனை ஆண்டு என்று அளந்து, காலத்தையே தண்டனையாக விதிக்கும் முறை இந்த நாட்டில் வேரூன்றியது ஆங்கிலேயர் ஆட்சியில்தான். சிறை ஒழுங்கை ஆராய அமைத்த குழு 1838-இல் அறிக்கை தந்தது. 1894-இல் சிறைச்சட்டம் வந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்திலும் அதை ஒட்டியுமே நம் பெரிய சிறைகள் எழுந்தன. சென்னை மத்தியச் சிறை 1837-இலும், மதுரைச் சிறை 1865-இலும், கோயம்புத்தூர்ச் சிறை 1872-இலும் தோன்றியவை. ஒரு மையத்திலிருந்து எல்லாக் கைதிகளையும் கண்காணிக்கத்தக்க கட்டடத்தைக் கற்பனை செய்து, 1791-இல் நூலாக வெளியிட்டார் பெந்தாம் என்னும் ஆங்கிலேய அறிஞர். சக்கரத்தின் ஆரக்கால்கள்போல நடுக்கோபுரத்திலிருந்து பிரியும் சிறைக்கூடங்கள் பிலடெல்பியாவில் 1829-இலும் அந்தமானில் 1906-இலும் வேலைக்கு வந்தன. ஆகவே, பழைய சிறை ஒன்றைக் காணப் புறப்படுகிறவர் முதலிற் கேட்க வேண்டுவது, அது காத்திருக்க வைத்த சிறையா, காலத்தை அளந்த சிறையா என்பதே.

அறையைப் படிக்கும் முறை

திண்டுக்கல் கோட்டை முதல் வகையைச் சேர்ந்தது. மதுரை நாயக்கர்களில் முத்துக் கிருஷ்ணப்பர் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்து, திருமலை நாயக்கர் பலப்படுத்திய இக்கோட்டைக்கு 1755-இல் மைசூர் அரசின் பௌஜ்தாராக வந்தவர் ஹைதர் அலி. சிவகங்கையை இழந்த வேலு நாச்சியார் விருப்பாட்சிப் பாளையத்தில் அடைக்கலம் புகுந்திருந்து, ஹைதரின் துணையைப் பெற்று, 1780-இல் நாட்டை மீட்ட வரலாற்றில் இப்பாறைக்கும் பங்குண்டு. 1790-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் படை கோட்டையைப் பிடித்தது; 1792-இன் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை அதை உறுதி செய்தது. அப்புறம் தென்னாட்டுப் பாளையக்காரர்களை ஒன்றுசேர்த்துக் கும்பினியை எதிர்த்த விருப்பாட்சி கோபால் நாயக்கரை 1801-இல் ஆங்கிலேயர் பிடித்துத் தூக்கிலிட்டனர். இத்தனை கைமாறிய கோட்டையில், ஓர் அறை ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தது என்று எதிர்பார்க்கவே இயலாது. ஆயுதம், தானியம், குதிரைத் தீனி, கைதி என எது வந்தாலும், உள்ளே வைத்துப் பூட்டத்தக்க அறை ஒன்றே போதுமானதாக இருந்தது.

எனினும் சுவர்கள் முற்றிலும் ஊமையல்ல. இரட்டைச் சுவரும், நீர் தங்காதபடி சரிவாக அமைந்த கூரையும், மேலே காற்றுக்கு விட்ட வட்டத் துளைகளும் ஒருங்கே காணப்பட்டால், கட்டியவன் ஈரத்துக்கும் தீப்பொறிக்கும் அஞ்சினான் என்று கொள்ளலாம். அது வெடிமருந்துக் கிடங்கின் இலக்கணம். மனிதனை அடைக்கக் கட்டியவன் அஞ்சுவது வேறொன்றுக்கு. கைக்கு எட்டாத உயரத்திற் சிறு சாளரம், வெளியிலிருந்து பார்க்க ஒரு புழை, படுக்கத் திண்ணை, அழுக்கு நீர் போக மதகு, ஒருவரையொருவர் காணாதபடி திருப்பிவைத்த வாசல்கள் ஆகியவற்றில் அவன் எண்ணம் தெரியும். தாழ்ப்பாள் எங்கே இருந்தது என்பது இவற்றினும் கூர்மையான சாட்சி. அந்தமான் சிறையின் கொட்டடிகளில், உள்ளிருப்பவன் கம்பிக்கிடையே கைநீட்டினாலும் எட்டாதபடி, தாழ்க்கோலை வாசலிலிருந்து விலக்கிச் சுவரில் தோண்டிய மாடத்துக்குள் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். ஒரு பூட்டு எங்கே தொங்குகிறது என்பதைக் கொண்டு கட்டியவனுடைய மனத்தை அளந்துவிடலாம் என்பதை, மாங்காய்ப் பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பூட்டை இராவிச் செய்யும் கைவினைஞர் ஒருவரை அழைத்துச்சென்று கோட்டைக் கதவுநிலைகளைக் காட்டினால், நம் காமிராக்கள் கண்டறியாத சிலவற்றை அவருடைய விரல்கள் கண்டறியக்கூடும்.

கைவிட்ட சிறைகளின் கதி

கைதிகள் வெளியேறிய பின் சிறைக்கு நேரும் கதி நால்வகைப்படும். முதலாவது, இடித்தல். சென்னை மத்தியச் சிறையின் கைதிகள் 2006-இல் புழலுக்கு மாற்றப்பட்டனர். 2009-இல் பழைய கட்டடம் தரைமட்டமாயிற்று. நிலம் பக்கத்திலிருந்த அரசு மருத்துவமனையின் தேவைக்குச் சென்றது. இடிப்பதற்குமுன் சில நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது, குடும்பம் குடும்பமாக வந்து கொட்டடிகளைப் பார்த்தார்கள். அந்நாட்களில் எடுத்த படங்களே இன்று அச்சிறையின் எச்சம். கோலாலம்பூரில் 1895-இல் முடிந்த புடு சிறையும் 1996-இல் மூடப்பட்டு, 2010-இல் இடிக்கத் தொடங்கப்பட்டது. சிங்கப்பூரில் பழைய சாங்கி சிறையின் மதிலில் ஒரு பகுதியும் வாயிலும் மட்டும் நிற்கின்றன.

இரண்டாவது, நினைவாலயமாக்குதல். அந்தமான் சிறையின் ஏழு கிளைகளில் மூன்றே எஞ்சின. மேலும் இடிக்க முற்பட்டபோது அங்கே கிடந்து துன்புற்ற தேசபக்தர்களே எதிர்த்து நின்றதால், அது 1979-இல் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவில், முன்னாள் கைதிகளே வழிகாட்டிகளாக நின்று வருவோரை அழைத்துச் செல்கின்றனர். மூன்றாவது, வேறு பயனுக்கு மாற்றுதல். பெங்களூரின் பழைய மத்தியச் சிறை 2008-இல் சுதந்திரப் பூங்காவாகியது. கண்டி நகரில் 1876-இல் எழுந்த போகம்பரைச் சிறையிலிருந்து கைதிகள் 2014-இல் வெளியேறிய பிறகு, அதை என்ன செய்வது என்ற ஆலோசனை நீண்டது. நான்காவது, சிதைவைச் சிதைவாகவே காத்தல். 1971-இல் மூடிய பிலடெல்பியாச் சிறை, 1994 முதல், உதிர்ந்த காரையைப் பூசாமலும், ஆனால் மேலும் உதிர விடாமலும், பார்வைக்குத் திறந்திருக்கிறது.

இந்நான்கில் எது உத்தமம் என்று பொதுவிதி வகுக்க முடியாது. மருத்துவமனை வேண்டிய நகரில் அதற்கு இடம் விட்ட சிறை மணிமேகலையின் வழியிற் சென்றதென்றே சொல்லலாம். ஆனால் அவள் கேட்ட மாற்றத்தில், இன்ன இடம் முன்னர்ச் சிறையாக இருந்தது என்ற நினைவு அழியவில்லை; காப்பியம் அதைத் தலைப்பிலேயே வைத்துக் காத்தது. இடிப்பதற்குமுன் அளவும் வரைபடமும் நிழற்படமும் எடுத்துவைப்பது, அந்தத் தலைப்பை எழுதிவைப்பதற்கு ஒப்பாகும்.

காமிரா காண்பதும் காணாததும்

இனி, புகைப்படத்துக்கு வருவோம். சிறையைப் படமெடுப்போர் அறிந்தோ அறியாமலோ செய்யும் பிழைகள் சில உண்டு. முதற்பிழை, அகலக் கோண வில்லையால் நேர்வது. குறுகிய கொட்டடிக்குள் நின்று முழு அறையையும் அடக்க வேண்டுமென்று அவ்வில்லையைப் பொருத்தினால், சுவர்கள் விலகிப் பின்வாங்க, ஏழரை அடி அகலமும் பதின்மூன்றரை அடி நீளமும் உள்ள அந்தமான் கொட்டடிகூட ஒரு சிறு கூடம்போலத் தோற்றும். எந்த நெருக்கத்தைக் காட்ட வந்தாரோ அதையே படம் அழித்துவிடுகிறது. கண்ணின் பார்வைக்கு ஒத்த வில்லையைக் கொண்டு, நின்றவன் கண்மட்டத்தில் ஒன்றும், தரையிற் படுத்தவன் கண்மட்டத்தில் ஒன்றும், அறையில் ஓர் ஆள் நிற்க ஒன்றுமாக எடுத்தால் அளவு பொய்யாகாது. இரண்டாம் பிழை, ஒளியின் அழகில் மயங்குவது. சாளரத்தின் வழியே சாய்ந்து விழும் ஒளிக்கற்றை பார்ப்பவனுக்குப் பரவசம். உள்ளே கிடந்தவனுக்கோ அதுவே கடிகாரம். அது சுவரில் ஊர்ந்து செல்வதை நோக்கியே அவன் பகலைக் கழித்திருப்பான். அந்த ஒளி விழும் ஒரே சுவரை, காமிராவை அசைக்காமல், மணிக்கொரு படமாகக் காலைமுதல் மாலைவரை எடுத்தவர், அழகிய தனிப்படம் எடுத்தவரைக் காட்டிலும் சிறைக்குச் சற்று நெருங்கி வந்தவராவார்.

மூன்றாவதாக, எந்த நல்ல காமிராவும் தவிர்க்கவியலாத ஒரு பொய் உண்டு. கைவிட்ட சிறையில் கதவு திறந்திருக்கிறது, அல்லது கதவே இல்லை. படம் எடுப்பவர் தாம் விரும்பியபோது நுழைந்து, விரும்பியபோது வெளியேறுகிறார். சிறையைச் சிறையாக்கியது சுவரன்று. மூடிய கதவும், அது திறக்கும் நாள் தன் வசத்தில் இல்லை என்ற அறிவுமே. இடத்தைக் காமிரா எளிதில் வசப்படுத்திவிடும்; காலம் அதன் கைக்கு எட்டாது. காலத்தை அளந்து விதித்த தண்டனையின் கூடத்தில், அகப்படாத அந்தப் பாதியே தண்டனையின் முழுப்பாரமும்.

அந்தப் பாதியை மீட்கும் கருவி எழுத்து ஒன்றே. 1908 முதல் 1910 வரை கோவைச் சிறையில் இருந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, கண்ணனூர்ச் சிறையிலும் காலம் கழித்து, 1912-இல் விடுதலையான கதையைச் செய்யுளிலேயே சுயசரிதமாக எழுதிவைத்தார். சிறையில் அவர் இழுத்த செக்கு இன்று காட்சிப்பொருள், அதைப் படமெடுக்கலாம். ஆனால் கல்செக்கின் படம் செக்கு எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லுமேயன்றி, அதை மாட்டுக்குப் பதிலாக மனிதன் சுற்றிய பகல் எவ்வளவு நீளம் என்பதைச் சொல்லாது. 1921-இன் இறுதியில் வேலூர்ச் சிறை புகுந்த ராஜாஜி எழுதிய நாட்குறிப்போ, ஒருநாளை மற்றொரு நாளிலிருந்து பிரித்தறிய ஒரு கைதி படும் பாட்டைச் சிறிய செய்திகளாற் காட்டுகிறது. படத்தையும் எழுத்தையும் பக்கத்திற் பக்கம் வைத்தால்தான் இடமும் காலமும் கூடும்.

சுவருக்கு வெளியே இருந்த சிறை

திண்டுக்கல் சீமையைப் பற்றி எழுதும்போது இன்னும் இரண்டைச் சொல்லாமல் விடுதல் தகாது. இங்குள்ள வத்தலகுண்டில் 1884-இற் பிறந்த சுப்பிரமணிய சிவா, வ.உ.சி.யோடு 1908-இல் தண்டனை பெற்று, 1912-இல் வெளிவந்தபோது தொழுநோயையும் உடன்கொண்டு வந்தார். அந்நோயைக் காரணங் காட்டி ரயிற் பயணமும் மறுக்கப்பட்டதால், ஊர் ஊராக நடந்தும் கட்டைவண்டியிலும் பிரசாரம் செய்து, 1925-இல் பாப்பாரப்பட்டியில் மறைந்தார். சிறை அவரை விட்டும், அவர் உடம்பைச் சிறை விடவில்லை. எந்தக் கொட்டடியின் படத்தில் இதைத் தேடுவது?

மற்றொன்று, ரேகைச் சட்டம் என்று இந்தப் பக்கத்துக் கிராமங்கள் இன்றும் நினைவு கூரும் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-இல் வடக்கே தோன்றி, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த அச்சட்டம், ஒரு சாதியிற் பிறந்ததையே குற்றமாக்கி, ஆண்களின் கைரேகையைப் பதிந்து, இரவில் வீட்டில் உறங்க விடாமல் சாவடியிலோ காவல் நிலையத்திலோ வந்து கிடக்கச் செய்தது; ஊர் விட்டு ஊர் போக ராத்திரிச் சீட்டு வேண்டியிருந்தது. அதை எதிர்த்த உசிலம்பட்டி அருகிலுள்ள பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் நீங்கியது. அது எழுப்பிய சிறைக்கு மதில் இல்லை, கொட்டடி இல்லை. ஆதலாற் பாழடைந்து அழகுபெறவும் இல்லை, காமிராவோடு யாரும் அதைத் தேடிச் செல்லவும் இல்லை. ஓர் ஊர்ச் சாவடியின் திண்ணையைப் பார்த்து, இங்கே எத்தனை பேர் எத்தனை இரவு கட்டாயத்தின் பேரிற் படுத்தார்கள் என்று முதியவர்களைக் கேட்டு எழுதுகிறவர், கோட்டை ஏறிப் படமெடுப்பவருக்குக் குறைந்த ஆராய்ச்சியாளர் ஆகமாட்டார்.

செய்யத்தக்கவை

கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958-இன் சட்டத்தாற் காக்கப்படும் சின்னம். அங்கே கையோடு கொண்டுபோகும் காமிராவுக்குத் தடையில்லை; முக்காலியும் வானில் அனுப்பும் கருவியும் முன்னனுமதி வேண்டுவன. வேறு இடங்களிற் பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடங்களில் மதிலேறிக் குதிப்பதை வீரமென்று எண்ணுவோர் உண்டு. அது சட்டப்படி அத்துமீறல்; அதைவிட முக்கியமாக, உளுத்த உத்தரமும் தேன்கூடும் பாம்பும் யாருடைய ரசிகத்தன்மையையும் மதிப்பதில்லை. உரியவரிடம் எழுதிக் கேட்டு, துணையோடு போவதே முறை. சுவரிற் பழைய கீறல் தென்பட்டால், தெளிவுக்காகச் சுண்ணக்கட்டி தேய்த்தல் கூடாது. பக்கவாட்டிலிருந்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தாலே எழுத்து எழுந்து தெரியும். கரியாலும் கல்லாலும் தம் பெயரையும் காதலி பெயரையும் பொறித்துவிட்டுப் போகிறவர்கள், தமக்குமுன் அங்கே கிடந்தவன் ஒருவேளை விட்டுச்சென்ற ஒரே அடையாளத்தின்மேல் எழுதுகிறோம் என்பதை அறியார்.

எடுத்த படத்தின்கீழ் நான்கு செய்தி வேண்டும்: இடம், நாள், வாசல் நோக்கும் திசை, அறையின் நீள அகல உயரம். இந்த நான்கும் உள்ள சாதாரணப் படம், இவையில்லாத அழகிய படத்தைவிட நூறு ஆண்டு அதிகம் பேசும். மலைக்கோட்டையின் ஒவ்வோர் அறைவாசலிலும் இத்தகைய அளவுப் பலகை ஒன்று வைத்து, எதெதற்குப் பயன்பட்டது என்பதில் நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் அதில் எழுதினால், படி ஏறி வரும் அந்த இளைஞர்களின் வாக்குவாதமும் ஆராய்ச்சியாக முதிரும்.

மாலையானதும் காவலர் ஊதும் விசில் கேட்டு எல்லோரும் கீழே இறங்குகிறார்கள். கடைசி ஆள் வெளியேறிய பின் அடிவாரத்துக் கதவைச் சாத்திப் பூட்டுகிறார்கள். இரவெல்லாம் அது பூட்டியே கிடக்கிறது, உள்ளே யாருமில்லை. காலையில் முதல் ஆளாக ஏறுகிறவர், ஓர் அறைக்குள் நின்று, வாசல் மூடியிருப்பதாக மனத்தில் எண்ணிக்கொண்டு, கைக்கடிகாரத்தை நோக்கி ஒரு மணி நேரம் படம் எடுக்காமல் இருந்து பார்க்கட்டும். அதன்பின் எடுக்கும் படம் வேறாக இருக்கும்.